செகோவியாவில் உடைந்த பீங்கான்

எனக்கு லீவு என்றால் படுக்கைதான். கடலும் வேண்டாம், மலையும் வேண்டாம், கோட்டை கொத்தளமும் வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேலாகப் பன்றி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் நிற்கிறேன். விடியக்காலை மூன்றரைக்கு எழும்பி, நாலேகாலுக்குக் காரை எடுத்து, ஐந்து மணிக்குக் குளிர் மண்டபத்தில் கத்தியோடு நிற்கிற மனிதனுக்கு வேறென்ன ஆசை இருக்கும்? ஆனால் போன ஐப்பசியில் எனக்கு அறுபது வயதாகிவிட்டது. டென்மார்க்கில் ஐம்பது, அறுபது என்று வந்தால் சும்மா விடமாட்டார்கள். கொண்டாடியே ஆகவேண்டும். என் மகள் இங்கே பிறந்தவள், ஓல்போர்க்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள், இந்த விஷயத்தில் முழு டெனிஷ்காரி. ஆவணியிலேயே போன் எடுத்துச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, நாப்பத்திரெண்டாம் கிழமை ஒண்டும் பிளான் பண்ணாதேங்கோ."

இந்த நாட்டில் தேதி சொல்லமாட்டார்கள். வருடத்தில் எத்தனையாவது கிழமை என்றுதான் சொல்வார்கள். நாற்பத்திரண்டு என்றால் இலையுதிர்கால விடுமுறை.

"நான் என்னத்தைப் பிளான் பண்ணப்போறன்? படுக்கிறதுதான்."

"படுக்கேலாது. நாங்கள் மூண்டு பேரும் ஸ்பெயினுக்குப் போறம்."

மற்றவர்கள் ஸ்பெயினுக்குப் போனால் கடற்கரையில் போய்ப் படுப்பார்கள். அதையாவது செய்யலாம். இவள் தேடிப் பிடித்தது செகோவியா என்ற ஊர். மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பழைய நகரம், உள்ளே எங்கே போனாலும் ஏற்றம். படங்களை அனுப்பினாள். எல்லாப் படத்திலும் படிகள் இருந்தன.

படிகளைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். மூன்று பேருக்கும் ஒரே அறை எடுத்திருக்கிறாள் என்று தெரிந்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாரிக்குளிரிலிருந்து காலையில் என் வலது கை திறப்பதில்லை. கத்தியைப் பிடித்தபடியே படுத்தவன் மாதிரி விரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்து கிடக்கும். சுடுதண்ணீருக்குள் இருபது நிமிடம் வைத்திருந்தால் ஒவ்வொன்றாக நிமிரும். நிமிர்ந்த பிறகும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடி கிடையாது. வேலைக்கு அரை மணி நேரம் முந்திப் போய், உடுப்பு மாற்றும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். கத்தியைக் கைக்குள் செருகிவிட்டால் பிறகு கை தன் பாட்டில் வேலை செய்யும். பழக்கம். என் முன்னால் வருவது தோள்பகுதி மட்டும்தான். அந்தத் தோளில் எலும்பு எங்கே திரும்புகிறது என்று என் கைக்குத் தெரியும், நான் யோசிக்கத் தேவையில்லை.

வீட்டில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? மனைவி வயோதிபர் இல்லத்தில் பின்னேர வேலை. நான் வந்து சப்பாத்தைக் கழற்ற அவள் சப்பாத்தைப் போடுவாள். அவள் இரவு திரும்பும்போது நான் பாதி நித்திரை முடித்திருப்பேன். நான் எழும்பும்போது அவள் படுத்து நாலு மணித்தியாலம் ஆகியிருக்காது. கிழமை நாட்களில் நாங்கள் இருவரும் கதைப்பது பிரிட்ஜ் கதவில் ஒட்டும் துண்டுகளில்தான். "பருப்பு கீழ்த்தட்டில." "கார் சேர்விஸ் வியாழன்." முப்பத்திரண்டு வருடக் கல்யாணத்தில் பாதி அந்தக் கதவில் போய்விட்டது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேலையை விடச் சொல்லுவாள். நான் விட்டால் அவள் இன்னொரு வேலை எடுப்பாள். அதைச் சொல்லிக்கூட எடுக்கமாட்டாள், எடுத்துவிட்டுத்தான் சொல்லுவாள். அவளுடைய முழங்கால் எப்போதோ போய்விட்டது, கணுக்கால் மாலையில் வீங்கிச் சப்பாத்துக்குள் அடங்காது. மற்றவர்களைத் தூக்கித் தூக்கி நிமிர்த்தியவள், தான் கதிரையிலிருந்து எழும்ப மேசையைப் பிடிக்கிறாள். இன்னொரு வேலையும் எடுத்தால் விழுந்துபோவாள். எனக்குப் பென்சனுக்கு இன்னும் ஏழெட்டு வருடம் இருந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவிடலாம் என்று இருந்தேன்.

சோறுதான் கொஞ்சம் பிரச்சினை. சோற்றைக் குழைத்து எடுக்க ஐந்து விரலும் ஒன்றுசேர வேண்டும். என் விரல்கள் ஒன்றுசேர மறுத்தன. அதனால் கரண்டிக்கு மாறினேன். பிறந்த நாள் முதல் கையால் சோறு தின்றவன் அறுபது வயதில் கரண்டி பிடித்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்தான். ஆனால் தனியாகச் சாப்பிடுகிறவனை யார் பார்க்கப்போகிறார்கள்? சாப்பிட்டு, கரண்டியையும் சோற்றுக் கோப்பையையும் குசினித் தொட்டியில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

அவளிலும் சில மாற்றங்கள் வந்திருந்தன. ஒன்று, சமையல் கெட்டுப்போனது. நண்டு என்றால் எனக்கு உயிர் என்று தெரிந்தவள், நண்டு வாங்குவதை விட்டுவிட்டாள். தமிழ்க்கடையில் நண்டு வருவதில்லை என்றாள். மீனை முள்ளெடுத்துக் குழம்பு வைத்தாள். ஆட்டிறைச்சியில் எலும்பே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமுடியாமல் கத்தினேன்.

"நானென்ன பல்லு முளைக்காத பிள்ளையோ? எலும்பில்லாமல் உதென்ன கறி?"

"எனக்குக் களைப்பாக் கிடக்கு. இருக்கிறதைச் சாப்பிடுங்கோ" என்றாள்.

இரண்டாவது, பக்தி. சித்திரை மாதத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் கோயில் மடப்பள்ளிக்கு உதவப் போனாள். காலையில் போனால் மாலையில்தான் வருவாள், கால் வீக்கத்தோடு. "சாமிக்குச் சமைச்சே சாகப்போறீர்" என்று நான் பேசினேன். அது கிடக்க, மடப்பள்ளியில் நாள் முழுக்க நிற்கிறவள் ஒரு நாளாவது ஒரு வடை கொண்டுவந்தாளா? ஒரு பிடி பொங்கல்? இல்லை. அவ்வளவு சுத்தமான சேவை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியிருக்க, நாலு நாள் ஒரே அறையில். மூன்று காலைகளை எப்படியாவது மறைத்துக் கடந்தால் போதும். அதுதான் என் ஸ்பெயின் பயணத் திட்டம்.

புதன்கிழமை விடியமுன் எங்கள் ஊர் விபோர்க்கில் ரயில் ஏறி, கோப்பன்ஹேகனில் விமானம் ஏறி, மட்ரிட்டில் இறங்கி, மறுபடி ரயில் ஏறினோம். அந்த ரயில் எங்களை ஒரு வெட்டைவெளியில் இறக்கிவிட்டது. சுற்றவர அறுத்த வயல், தூரத்தில் மலை, ஊரைக் காணவில்லை. "எங்க பிள்ளை உன்ரை ஊர்?" என்றேன். அதற்குப் பிறகும் ஒரு பஸ் இருந்தது.

பஸ் எங்களை ஒரு பெரிய கல்பாலத்தடியில் இறக்கியது. ரோமர் காலத்தில் மலைத்தண்ணீரை ஊருக்குள் கொண்டுவரக் கட்டியதாம். இரண்டு அடுக்கு வளைவுகள், கழுத்து நோக அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. மகள் கைபேசியில் வாசித்து வாசித்து டெனிஷிலும் தமிழிலுமாகச் சொன்னாள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து கிடையாதாம். பாரத்திலேயே நிற்கிறதாம்.

"எத்தினை வருசமா?" என்று மனைவி கேட்டாள்.

"ரெண்டாயிரம், கிட்டத்தட்ட."

"அப்ப இன்னும் பென்சன் குடுக்கேல்லையோ?" என்றேன்.

"வந்த இடத்திலையும் உந்தக் கதைதான்" என்றாள் மனைவி. ஆனால் அவளும் அண்ணாந்து பார்த்தபடி பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்குள் சின்ன ரைஸ் குக்கர், அரிசி, பருப்பு, மாசிச் சம்பல் எல்லாம் இருந்தன. ஸ்பெயினில் பட்டினி கிடப்போம் என்று யார் சொன்னார்களோ தெரியாது.

ஹோட்டல் ஒரு பழைய வீடு. லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடி. அறைக்குள் மூன்று கட்டில்களையும் ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரிப் போட்டிருந்தார்கள். குளியலறையில் ஒரு நீளமான பழைய தொட்டி. அன்று மாலை மனைவி அறையிலேயே சோறு வைத்தாள். பருப்பையும் சம்பலையும் போட்டுக் குழைத்து, எங்கள் வீட்டு வழக்கப்படி உருட்டி உருட்டி எங்கள் உள்ளங்கையில் வைத்தாள். குழையல்சோற்றுக்குக் கரண்டி தேவையில்லை. வாங்கி வாயில் போட்டால் முடிந்தது. நல்லகாலம், தப்பினேன் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை விடியக்காலை, லீவோ லீவில்லையோ, மூன்றரைக்குக் கண் விழித்தேன். கை வழக்கம்போல மூடிக்கிடந்தது. சத்தமில்லாமல் குளியலறைக்குப் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன். கடவுளே! அந்த வீட்டுக் குழாய் மாடு கதறுவது மாதிரிக் கதறியது. சுவர் முழுக்க அதிர்ந்தது. நான் அடைக்கிறேன், அது நிற்கவில்லை.

"இஞ்சேருங்கோ" என்று கதவுக்கு வெளியே மனைவியின் குரல். "என்ன செய்யிறியள்?"

"சவரம் செய்யிறன். நீர் போய்ப் படும்."

"இந்த நேரத்தில என்ன சவரம்? ஆர் பொம்பிளை பாக்க வாறது?"

அவள் திரும்பிப் போய்ப் படுக்கிற சத்தம் கேட்டது. பிறகு நூல் மாதிரித் தண்ணீரை விட்டு, கையை அதற்குக் கீழே பிடித்துக்கொண்டு, தொட்டி விளிம்பில் இருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. வெளியே வந்தபோது என் முகத்தில் இரண்டு நாள் தாடி அப்படியே இருந்தது. அதை யோசிக்கவேயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தவன் நான்.

அன்று முழுவதும் நடை. பெரிய தேவாலயத்துக்குப் போனோம், அதற்குப் பிறகு ஊரின் மூக்கு நுனியில் நிற்கும் கோட்டைக்கு. வடிவான ஊர்தான், பொய் சொல்லக்கூடாது. வெயில் பட்டால் கல்லெல்லாம் தேன் நிறமாகிவிடும். ஆனால் களைத்த மனிதனுக்கு வடிவும் ஒரு வேலைதான். எங்கே வாங்குப் பலகை கண்டாலும் நானும் மனைவியும் போய் இருந்துவிடுவோம். மகள் திரும்பி வந்து டெனிஷில் கேட்பாள், மறுபடியுமா என்று. மறுபடியும்தான்.

கோட்டைக்குப் பக்கத்து வாங்கிலிருந்து மலை நேராகத் தெரிந்தது. மகள் கையை நீட்டிக் காட்டினாள். "அங்க பாருங்கோ. பொம்பிளை ஒராள் படுத்திருக்கிற மாதிரித் தெரியுதோ? தலை, கை, பிறகு கால். செத்த பொம்பிளை எண்டு அந்த மலைக்குப் பேர்."

மனைவி நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "ஆர் சொன்னது செத்ததெண்டு? பாவம், வேலை முடிச்சு வந்து படுத்திருக்கிறா. விடுங்கோ அவவை."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவளை அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்போது நினைத்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் வாயைத் திறந்து கையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை மகளின் விருந்து இருந்தது, அதைக் கெடுப்பானேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த விருந்து என்னவென்று வெள்ளி மத்தியானம் உணவகத்துக்குள் நுழைந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. கண்ணாடிக்குப் பின்னால் முழுப் பன்றிக்குட்டிகள் வரிசையாகக் கிடந்தன. என் கை நீளம் கூட இருக்காது. அந்த ஊரின் பெயர் பெற்ற சாப்பாடே அதுதானாம்.

"வெள்ளிக்கிழமை பண்டியோ?" மனைவி என் காதுக்குள் சொன்னாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்ச மாமிசம் தொடமாட்டோம். அதைவிடப் பெரிய பகிடி, முப்பது வருடமாகப் பன்றியை வெட்டுகிற நான் ஒரு துண்டுகூடத் தின்றதில்லை. அந்த மணம் என் தோலிலேயே இருக்கிறது, வாயிலும் வேண்டுமா? அம்மாவுக்காகத்தான் வீட்டில் பன்றி சமைப்பதில்லை, அப்பா வேலையிடத்தில் சாப்பிடுவார் என்று மகள் சின்ன வயதிலிருந்து நினைத்திருக்கிறாள். நாங்களும் சொன்னதில்லை. எப்போது இருந்து கதைத்தோம், சொல்வதற்கு?

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "அப்பா, உங்கடை வேலையை இஞ்ச எவ்வளவு பெரிசா மதிக்கினம் பாருங்கோ" என்றாள். சொல்லிவிடவேண்டாம் என்று மனைவியின் கையை மேசைக்குக் கீழே தட்டினேன். அவள் தனக்குச் சூப்பும் பாணும் சொன்னாள்.

உணவகத்து முதலாளி வெள்ளை உடுப்போடு, கழுத்தில் நாடாவில் பதக்கம் தொங்க வந்தார். டென்மார்க்கிலிருந்து இறைச்சித் தொழிலில் தேர்ந்த ஒருவர் வருகிறார் என்று மகள் முதலே எழுதிப் போட்டிருக்கிறாள். அவர் என் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் அதை உணர்ச்சி என்று நினைத்தாள்.

பிறகு மண்சட்டியில் முழுக்குட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே அதைக் கத்தியால் வெட்டுவதில்லை. சாப்பிடுகிற பீங்கானின் விளிம்பால் வெட்டுவார்கள், அவ்வளவு பதமாக வெந்திருக்கிறது என்று காட்ட. வெட்டி முடித்ததும் அந்தப் பீங்கானை நிலத்தில் போட்டு உடைப்பார்கள். சுற்றியிருக்கிறவர்கள் கைதட்டுவார்கள். இதெல்லாம் மகள் எங்களுக்குச் சொல்லச் சொல்ல, முதலாளி பாதியை வெட்டிவிட்டு, பீங்கானை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"அப்பா, நீங்கள் வெட்டுங்கோ! நான் சொல்லி வைச்சனான்." மகள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டாள். மற்ற மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொன்னால், ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. முப்பது வருடத்தில் என் வேலையை ஒருவரும் எழும்பி நின்று பார்த்ததில்லை. சட்டியைப் பார்த்தேன். எந்த இடத்தில் மூட்டு விடும் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். பீங்கானைப் பிடித்து முதல் வெட்டு இறக்கினேன். தோள் சுத்தமாகக் கழன்று வந்தது. முதலாளி "ஓ" என்றார். தொழில் தெரிந்தவனுக்குத்தான் அந்த "ஓ" விளங்கும்.

இரண்டாவது வெட்டுக்குக் கையைத் தூக்கினேன். விளிம்பில் கொழுப்பு. பெருவிரல் விட்டுவிட்டது. நான் விடவில்லை, அது விட்டது. பீங்கான் என் காலடியில் விழுந்து சிதறியது.

பிறகு முழு உணவகமும் கைதட்டியது. நான் சடங்குப்படி போட்டு உடைத்தேன் என்று நினைத்துவிட்டார்கள்! முதலாளி குத்துச்சண்டையில் வென்றவனுடைய கையைத் தூக்குவது போல என் கையைத் தூக்கிக் காட்டினார். மகள் சிரித்துச் சிரித்துப் படம் பிடித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

மனைவி கைதட்டவில்லை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து பீங்கான் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். முதலாளி ஓடிவந்து தடுத்தார். அவள் எழும்பிக் கதிரையில் இருந்து, என் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவள், விரலால் அந்த இறைச்சியை எலும்பிலிருந்து உரித்து, சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒரு கரண்டியும் வைத்து என் முன்னால் தள்ளிவிட்டாள். "சாப்பிடுங்கோ. பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறாள்" என்று மட்டும் சொன்னாள்.

மகள் ஆசையாகப் பார்க்கப் பார்க்க, அறுபது வயதில் முதல்முறையாகப் பன்றி தின்றேன். நல்ல ருசிதான். அதுவும் எனக்குக் கவலையாக இருந்தது.

அறைக்குத் திரும்பமுன் அந்தப் படம் சொந்தக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் போய்விட்டது. லண்டன், கனடா, மட்டக்களப்பு எல்லா இடமிருந்தும் பதில். "அண்ணை ஸ்டைலா உடைச்சிட்டார்." "அத்தான் கலக்கிட்டியள்." மகள் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். மனைவி கட்டிலில் காலை நீட்டிப் படுத்து கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம். இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நானும் படுத்திருந்தேன். கேட்காமலே நித்திரையாகிவிட்டாள். களைப்பு எங்களுக்குக் கதைக்கக்கூட இடம் விடுவதில்லை.

சனிக்கிழமை காலை கண் விழித்தபோது பக்கத்துக் கட்டில் வெறுமையாக இருந்தது. குளியலறைக் கதவின் கீழே வெளிச்சம். மெல்லத் திறந்தேன். தொட்டியில் கால்வாசிக்குச் சுடுதண்ணீர், ஆவி பறந்தது. குழாய் கதறாமல் எப்படி நிரப்பினாளோ, எவ்வளவு நேரம் நூல் மாதிரி விட்டாளோ தெரியாது. தொட்டி விளிம்பில் துவாயை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"வாங்கோ. தண்ணி ஆறப்போகுது."

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். அவள் எட்டி என் கையைப் பிடித்து இழுத்து இருத்தி, மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் வைத்தாள். நான் வழக்கம்போல இடது கையால் விரல்களை இழுத்து விரிக்கப் போனேன். அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

"இழுக்கக் கூடாது. இழுத்தால் இன்னும் இறுக்கும். மணிக்கட்டை உள்ளுக்கு மடிச்சுப் பிடியுங்கோ, விரல் தானா விடும்." மடித்துப் பிடித்தாள். பெருவிரலின் அடியைத் தன் பெருவிரலால் மெல்ல அழுத்தினாள். இல்லத்தில் கை இறுகிப்போன கிழவர்களுக்கு இப்படித்தான் செய்வாளாம். எனக்கு இருபது நிமிடம் பிடிக்கிற வேலை, அவள் கையில் நாலைந்து நிமிடத்தில் முடிந்தது. கை திறந்து தண்ணீருக்குள் கிடந்தது. எட்டு மாதம் நான் பிழையாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எப்ப துவக்கம் தெரியும்?" என்று கேட்டேன்.

"மாசியில நீங்கள் கரண்டி எடுத்தியள். ஒவ்வொரு நாளும் வேலையால வந்து குசினித் தொட்டிக்குள்ள பாப்பன், ஒரு கோப்பை, ஒரு கரண்டி. பங்குனியில நான் நண்டு வாங்கிறதை விட்டன்."

முள்ளில்லாத மீன், எலும்பில்லாத இறைச்சி, அதற்கு நான் கத்திய கத்தல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் ஒண்டுமில்லை எண்டுவியள். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன்."

பேச்சை மாற்றவேண்டும் போல இருந்தது. பகிடி விட்டேன். "இண்டைக்குச் சனிக்கிழமை. உம்மைக் காணேல்லை எண்டு மடப்பள்ளியில தேடமாட்டினமோ?"

அவள் என் கையைத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"கோயிலில்லை அது. சனிக்கிழமை வேற ஒரு வயோதிபர் இல்லத்தில பகல் வேலை. சித்திரையில எடுத்தனான். நீங்கள் வேலையை நிப்பாட்டேக்கை ஒரு பிடிமானம் வேணுமெல்லோ. அது இல்லாமல் நீங்கள் நிப்பாட்டமாட்டியள் எண்டு தெரியும்."

நான் அவளைப் பார்த்தேன். எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நான் கத்தி பிடித்தது அவள் இன்னொரு வேலை எடுக்கக்கூடாது என்பதற்காக. ஆறு மாதமாக அவள் அந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வடை கூட வராததன் காரணம் இதுதான். அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தை எவர் மேல் போடுவது என்று தெரியவில்லை.

"விசரோ உமக்கு?" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

"உங்களுக்கு?" என்றாள்.

அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழமுடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை. இரண்டு பேரும் அந்தக் குளியலறையில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். அவளுடைய கால் குளிர்ந்த நிலத்தில் இருந்தது. கணுக்கால் இரண்டும் காலையிலேயே வீங்கியிருந்தன.

"காலை உள்ளுக்கு விடும்" என்றேன். "தண்ணி இன்னும் சுடுகுது."

அவள் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தொட்டிக்குள் வைத்தாள். நான் குனிந்து, திறந்த கையால், பிடியில்லாத கைதான், அந்தக் கணுக்காலைப் பிடித்தேன்.

"திங்கக்கிழமை போய்ச் சொல்லுங்கோ வேலையில" என்றாள்.

"நீர் சனிக்கிழமை வேலையை விடும். அப்பதான் சொல்லுவன்."

"அதைப் பிறகு கதைப்பம்."

"பிறகு எண்டால் பிரிட்ஜ் கதவிலயோ?"

கதவில் தட்டுகிற சத்தம். மகள் நித்திரைக் குரலில் டெனிஷில் கேட்டாள், இரண்டு பேரும் உள்ளே என்ன செய்கிறீர்கள், ஏதாவது பிரச்சினையா என்று. ஒன்றுமில்லை, போய்ப் படு பிள்ளை என்று சொல்ல என் வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. மனைவி என்னைப் பார்த்தாள்.

"கதவு பூட்டேல்லை" என்றேன். "உள்ளுக்கு வா பிள்ளை. உன்னோடை கதைக்கோணும்."